பிரேக் ஆறிய பிறகு

2024 செப்டம்பர் 13 அன்று, சித்தூர் மாவட்டம் பங்காருபாளையத்தை அடுத்த மொகிலி மலைப்பாதையில், இரும்பு ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து நடுத்தடுப்பைத் தாண்டி ஆந்திர அரசுப் பேருந்தில் மோதியது. 8 பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். பெங்களூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். மைசூர் பீடபூமி அங்கே முடிகிறது. பலமநேர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சித்தூர் 330-ஐ ஒட்டி. இடையில் உள்ள உயரத்தை ஒவ்வொரு லாரியும் எங்கேயாவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

லாரி விபத்து என்றால் மறுநாள் முதல் தகவல் அறிக்கையில் என்ன இருக்கும் என்று யாரும் யோசித்துப் பார்க்க வேண்டியதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழில் எழுதினாலும் அந்தப் பக்கம் தெலுங்கில் எழுதினாலும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வாசகம் இருக்கும். சட்டம் பார்ப்பது மோதலுக்கு முந்தைய நாலைந்து நொடிகளை. இயற்பியல் அதற்கு வெகு முன்பே, லோடு ஏற்றிய இடத்திலேயே கணக்கைத் தொடங்கிவிடுகிறது. இந்த இரண்டு கணக்கும் எங்கே ஒட்டாமல் போகின்றன என்பதுதான் இந்த அத்தியாயம்.

பத்துச் சக்கர லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று அச்சு உள்ள இந்த வகைக்கு, சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை சட்டம் அனுமதிக்கிறது. 2018 ஜூலைக்கு முன் இது 25 டன். அன்று ஒரே அறிவிப்பில் அச்சு எடை வரம்புகளை உயர்த்தினார்கள். பெரிய டிரெய்லர்களின் உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55-க்குப் போனது. நம் லாரி சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 40 லட்சம் ஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறிப் பிரேக் டிரம்களுக்குள் போக வேண்டும். டிரம்களுக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை.

இப்போது அதே லாரியை 5 கிலோமீட்டர் நீளத்தில் 200 மீட்டர் இறங்கும் மலைச்சாலையில் விடுவோம். வேகம் கூடாமல், குறையாமல், நிதானமாகத்தான் இறங்குகிறது. உயரத்தை இழப்பதால் வெளிப்படும் ஆற்றல் 5 கோடியே 60 லட்சம் ஜூல். அதாவது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பதினான்கு தடவை சடன் பிரேக் அடித்து நிறுத்தியதற்குச் சமம். டயர் உராய்வு ஒரு கோடி ஜூல் அளவுக்கு விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் நாலரைக் கோடிக்கு மேல். டிரைவர் வேகமாக ஓட்டவேயில்லை. ஆனாலும் இந்த வெப்பம் எங்காவது போயே தீர வேண்டும்.

போவதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு: இன்ஜின், பிரேக். 'ஏறின கியர்லயே இறங்கு' என்று பழைய டிரைவர்கள் சொல்வது முதல் வழி. தாழ்ந்த கியரில் சக்கரங்கள் இன்ஜினை இழுத்துச் சுற்றும். இன்ஜின் காற்றை அமுக்கி அமுக்கி, எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதையும் சேர்த்து, ஆற்றலை வெளியே துப்பிவிடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்குகிறவர் இந்த வழியை அடைத்துவிடுகிறார். முழுப் பாரமும் ஆறு டிரம்கள் மேல் விழுகிறது. ஒரு டிரம் 45 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்தால் ஆறும் சேர்ந்து 270 கிலோ. நாலரைக் கோடி ஜூல் அதற்குள் இறங்கினால், காற்றுப் பட்டு ஆறுவதைக் கணக்கில் கொள்ளாதபோது, வெப்பநிலை 350 டிகிரிக்கு மேல் ஏறும். ஒரு பக்கம் பிரேக் ஷூவில் ஒட்டிய லைனிங்கின் பிசின் வெந்து பிடிமானம் குறைகிறது. இன்னொரு பக்கம், 41 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் அந்தச் சூட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் விரிகிறது. பிரேக் ஷூ உள்ளிருந்து வெளியே போய் டிரம்மை அழுத்த வேண்டும். டிரம்மோ அதைவிட்டு விலகிப் போகிறது. ஏர் பிரேக்கில் ஷூவைத் தள்ளும் தண்டு இவ்வளவு தூரம்தான் போகும் என்று ஓர் எல்லை உண்டு. இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரியாக முறுக்கி வைக்காத வண்டியில் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். மிதி கீழே போகும், காற்று இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது.

இதற்குத்தான் 'பிரேக் ஃபெயில்' என்று பெயர்.

விபத்துக்குப் பிறகு வண்டியைப் பரிசோதிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் வருவார். ஊர்வழக்கில் அவருக்கு 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே பெயர். அவர் வரும்போது லாரி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளே ஆகியிருக்கும். டிரம் ஆறி, சுருங்கி, பழைய அளவுக்கு வந்துவிட்டது. லைனிங்கும் குளிர்ந்துவிட்டது. மிதித்துப் பார்த்தால் பிரேக் பிடிக்கிறது. 'இயந்திரக் கோளாறு காரணம் அல்ல' என்று அறிக்கை போகிறது. ஆக, மிச்சம் இருப்பது டிரைவரின் அஜாக்கிரதை. ஆய்வாளர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த பிரேக்குக்கு ஒரு கோளாறும் இல்லை. விபத்தின்போது இருந்த பிரேக் வேறு.

சூடு முழுக்கத் தடயம் இல்லாமல் போய்விடுவதும் இல்லை. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மின் உட்புறம் நீலம் பாரித்திருக்கும், மயிரிழை வெடிப்புகள் தெரியும், லைனிங் கண்ணாடி போல மினுங்கும். தள்ளுதண்டு எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை ஒரு சாதாரண ஸ்கேலால் அளந்துவிடலாம். இதற்கு லேப் எதுவும் வேண்டாம், சக்கரத்தைக் கழற்றினால் போதும். கழற்றுவதுதான் அபூர்வம்.

நீதிமன்றங்கள் 'பிரேக் ஃபெயில்' என்ற பேச்சை வேறு விதமாக அணுகியிருக்கின்றன. குற்ற வழக்கில் அது டிரைவருக்கு உதவலாம். இழப்பீட்டு வழக்கில் லாரி முதலாளிக்கு உதவுவது கடினம். வண்டியை ஒழுங்காகப் பராமரித்தேன், அப்படியும் கண்ணுக்குப் புலப்படாத பழுது இருந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 2001-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு ஜீப்பின் முன் டயர் வெடித்து, வழியில் நடந்து போனவர் இறந்த வழக்கு அது. டிரைவர் மேல் தவறில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஆபத்தான ஒன்றைச் சாலைக்குக் கொண்டு வந்தவர் விளைவுக்குப் பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்த வழக்கின் கோட்பாடு, நம் ஊர் டயருக்கு வந்து சேர்ந்தது. இந்த இடத்தில் சட்டம் இயற்பியலை நெருங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எடையோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 13 இரவு, அன்னமய்யா மாவட்டம் புல்லம்பேட்டை அருகே ஏரிக்கரைச் சாலையில் மாங்காய் லோடு லாரி ஒன்று கவிழ்ந்தது. ராஜம்பேட்டைப் பக்கம் காய் பறித்து ரயில்வே கோடூர் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். பறித்த கூலியாட்களே லோடின் மேல் உட்கார்ந்து ஊர் திரும்புகிறார்கள். 9 பேர் இறந்தார்கள், மாங்காய்களுக்கு அடியில் சிக்கி. சென்னையிலிருந்து நகரி, புத்தூர், ரேணிகுண்டா, கடப்பை என்று போகும் அதே சாலைதான், தேசிய நெடுஞ்சாலை 716. ரேணிகுண்டா வரை உள்ள பகுதியைப் பழைய எண் 205 என்றால்தான் இன்னும் பலருக்குப் புரியும். ஜூன், ஜூலையில் இந்த வட்டாரம் முழுக்க மாங்காய் நகர்கிறது. நாம் கிளிமூக்கு என்றோ பெங்களூரா என்றோ சொல்லும் தோத்தாபுரி, சித்தூரைச் சுற்றியுள்ள கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் பருவம்.

லாரி வளைவில் சாயுமா என்பதை இரண்டு அளவுகளே தீர்மானிக்கின்றன: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், ஈர்ப்பு மையத்தின் உயரம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், பக்கவாட்டு விசை எந்த அளவைத் தொட்டால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும் என்பதைச் சொல்லிவிடும். அகலம் 1.85 மீட்டர் என்று வைப்போம். இரும்புக் கம்பி ஏற்றினால் பாரம் தாழ்வாகக் கிடக்கும், மையம் 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் எண் 0.66. நூறு மீட்டர் ஆரமுள்ள வளைவில் கணக்குப்படி மணிக்கு 90 கிலோமீட்டர் வரை தாங்கும். அதே எடைக்குக் காய் ஏற்றிப் பக்கப்பலகைக்கு மேல் குவித்தால் மையம் 2 மீட்டருக்குப் போகும், எண் 0.46 ஆகும். வில்லும் டயரும் அமுங்கிச் சாய்வதைக் கழித்தால் 0.35-தான் தேறும். அதே வளைவில் 67 கிலோமீட்டரில் கவிழ்ந்துவிடும். இந்த உயரத்துக்கும் மேலே பத்திருபது பேர் ஏறி உட்கார்ந்தால் இன்னும் குறையும். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்க ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் வளைவே தேவையில்லை. லாரி நேர்ச்சாலையிலும் கவிழும்.

கவிழ்ந்த பிறகு வரும் கேள்வி இதைவிடக் கசப்பானது. மேலே உட்கார்ந்திருந்தவர் யார்? சரக்கு வண்டியில் ஓசியில் ஏறிய பயணி என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன் அதே நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. சரக்கின் சொந்தக்காரர் என்றாலோ, அவர் சார்பாகச் சரக்கோடு போகிறவர் என்றாலோ பாலிசிக்குள் வருவார். 1994-இல் செய்த திருத்தம் அது. லாரி முதலாளியின் ஆள், அதாவது டிரைவர், கிளீனர், அவர் அமர்த்திய ஏற்றுகூலி என்றால் அது வேறு கணக்கு. மாங்காய் வியாபாரி அமர்த்திய பறிப்புக்கூலி? அவர் லாரிக்காரரின் ஆளும் இல்லை, காய்க்குச் சொந்தக்காரரும் இல்லை. நாள் முழுக்க மரத்தில் ஏறி இறங்கிவிட்டு, வீட்டுக்குப் போக வேறு வண்டி இல்லாமல் லோடு மேல் ஏறிய ஒரு பெண், சட்டத்தின் மூன்று அறைகளில் எதற்குள்ளும் சரியாகப் பொருந்தாமல் வாசலில் நிற்கிறாள். அவளுக்காக வாதாடும் வக்கீல் அவளை ஏதாவது ஓர் அறைக்குள் தள்ளப் பார்ப்பார், கம்பெனி வக்கீல் வெளியே இழுப்பார்.

பல வழக்குகளில் நடுவழியாகக் கிடைப்பது, வக்கீல்கள் 'பே அண்ட் ரெகவர்' என்று சொல்லும் உத்தரவு. கம்பெனி முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு லாரி முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி, வேலை கொடுத்தவரிடம் தொழிலாளர் இழப்பீடு கேட்பது; 2025 நவம்பர் வரை அதற்கு 1923-ஆம் ஆண்டின் சட்டப்படி ஆணையரிடம் போக வேண்டியிருந்தது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், இந்த வழி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு கதவையும் தட்ட மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்காது. சாவு நடந்த வாரத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு இது.

வண்டி நேரடியாக மோதாமல் வரும் சாவுகளும் உண்டு. 2017 ஏப்ரல் 21 அன்று திருப்பதியை அடுத்த ஏர்ப்பேடு காவல் நிலையத்துக்கு முன், மணல் கொள்ளையை எதிர்த்துப் புகார் சொல்லக் கூடியிருந்த முனகலபாளையம் விவசாயிகள் மீது லாரி ஒன்று பாய்ந்தது. வழியில் மின்கம்பத்தையும் சாய்த்தது; இறந்தவர்களில் சிலரைக் கொன்றது மின்சாரம். மின்சாரம் தாக்கி இறந்தால் அது மோட்டார் விபத்தா என்று வாதம் எழுந்தால், பதில் 1991-லேயே இருக்கிறது. பெட்ரோல் டேங்கர் ஒன்று மோதிக் கவிழ்ந்து, சில மணி நேரம் கழித்து வெடித்து, ஒழுகிய பெட்ரோலைப் பிடிக்க வந்தவர்கள் கருகிய வழக்கு. கவிழ்ந்து கிடந்தாலும் அது வண்டியின் பயன்பாட்டிலிருந்து விளைந்த சாவுதான் என்றது உச்ச நீதிமன்றம்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பலரும் நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெருக்கல் வாய்ப்பாடு. நகரியில் விசைத்தறி ஓட்டும் 34 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம்; மாதம் 12,000 ரூபாய். ஆண்டுக்கு 1,44,000. நாற்பது வயதுக்குக் கீழ் என்பதால், எதிர்காலத்தில் கூலி உயர்ந்திருக்கும் என்று 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 2017-இல் பிரணய் சேத்தி தீர்ப்பு தந்தது இது. ஆக 2,01,600. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் நம்பியிருந்தால், தனக்காக அவர் செலவழித்திருப்பது கால் பங்கு என்று கழிப்பார்கள். மிச்சம் 1,51,200. 2009-இன் சரளா வர்மா தீர்ப்பில் வயதுக்கு ஏற்ற பெருக்கெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. 31 முதல் 35 வயதுக்கு 16. பெருக்கினால் 24,19,200 ரூபாய். இதன் மேல் ஈமச்சடங்கு, துணையை இழந்தது போன்றவற்றுக்குத் தனித்தனித் தொகைகள்.

இந்த வாய்ப்பாட்டில் வழுக்குகிற இடம் முதல் வரிதான். தறிக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு? வாரக் கூலி கைக்குக் கை போவது. ஆதாரம் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானே ஓர் உத்தேசத் தொகையை எடுத்துக்கொள்ளும். மாதம் 12,000-க்குப் பதில் 8,000 என்று எடுத்தால் முடிவுத்தொகையில் 8 லட்சம் போய்விடுகிறது. வங்கிப் பாஸ்புக்கில் மாதாமாதம் ஏதாவது விழுந்திருந்தால் அது பேசும்.

எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு சங்கதி சாதகமானது. நகரி சித்தூர் மாவட்டம், புத்தூர் திருப்பதி மாவட்டம், திருத்தணி தமிழ்நாடு. லாரி நாமக்கல்லோ நாகாலாந்துப் பதிவோ, எதுவாகவும் இருக்கலாம். விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவுப்படி, மனுதாரர் தான் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆனால் 2022 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த விதிப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் 2 லட்சம் கிடைக்கும். முன்பு 25,000 ஆக இருந்தது.

இனி டிரைவரைப் பற்றி. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லிருந்து 2025 வரை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று சொல்லி வந்தது. அந்தக் கணக்கில் ஓடும் லாரியைக் கண்டவர் சொல்லலாம். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்றிருந்த விதியையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். மூளை தூக்கத்துக்கு மிகவும் ஏங்குவது பின்னிரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். சென்னையிலிருந்து திருப்பதிக்குக் காலை தரிசனத்துக்குக் கிளம்பும் கார்கள் 716-இல் ஓடுவதும் அதே நேரத்தில்தான். புரட்டாசியில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு ஓரமாக நடந்து வருகிறவர்களும் உண்டு. விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்திய லாரியின் பின்னால் கார் புகுவது இந்த நேரத்து விபத்து. பின்புறத்தில் சிவப்பு ஒளிப்பட்டை, கார் அடியில் நுழையாதபடி தடுப்புக் கம்பி இரண்டும் விதியில் இருக்கின்றன. கம்பியைப் பலமாக இல்லாமல் பேருக்கு ஒட்டவைத்த லாரிகளைத் தாபா வாசல்களில் பார்க்கலாம்.

தண்டனையைக் கூட்டினால் டிரைவர்கள் திருந்துவார்கள் என்பது டெல்லியின் நம்பிக்கை. பழைய சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் என்றால் 2 ஆண்டு வரை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை. தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை என்ற உட்பிரிவையும் எழுதினார்கள். 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள், பெட்ரோல் பங்குகளில் கூட்டம் முட்டியது, அரசு இறங்கிவந்தது. மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. நின்றால் ஊர் அடிக்கும், ஓடினால் சட்டம் அடிக்கும் என்ற டிரைவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 28.5 டன்னுக்கு மேல் எவ்வளவு ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்கு இறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் டிரைவர் இல்லை.

அப்படி முடிவு செய்கிறவரைத் தொடும் ஒரே கருவி எடைமேடைச் சீட்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகப்படியை இறக்காமல் வண்டியை விடவும் கூடாது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல வழக்கின் பேரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, அதிக பாரம் ஏற்றும் லாரி டிரைவர்களின் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னது. அங்கேயும் மாட்டியது லைசென்ஸ் வைத்திருப்பவர்தான்.

இழப்பீட்டு வழக்கு நடத்துகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் சான்று முன்பைவிட அதிகம். பட்டரைபெரும்புதூர் சுங்கச்சாவடியை லாரி எத்தனை மணிக்குத் தாண்டியது, எஸ்.வி.புரம் சாவடியை எத்தனை மணிக்குத் தொட்டது என்பது பாஸ்டேக் பதிவில் நொடியோடு இருக்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். அதே பதிவை முந்தைய நாளின் சாவடிகளுக்கும் பின்னோக்கிப் பார்த்தால், டிரைவர் கடைசியாக எப்போது தூங்கியிருக்க முடியும் என்பது தெரியும். குவாரியின் எடைச்சீட்டு, லோடு ஏற்றிய பில், தகுதிச் சான்று கடைசியாகப் புதுப்பித்த நாள் ஆகியவற்றையும் வரவழைக்கக் கோரலாம். மனு கொடுத்தால் தீர்ப்பாயம் சம்மன் அனுப்பும். பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி மனு கொடுப்பதானால், வண்டியை முதலாளி மீட்டுக்கொண்டு போவதற்கு முன் கொடுக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலிலிருந்து நகர்ந்த லாரி முதலில் போகும் இடம் பெரும்பாலும் லைனிங் மாற்றும் பட்டறைதான்.